எந்த மன்றம்?

“இந்த வழக்கை விசாரிக்கவே உங்களுக்கு அதிகாரம் இல்லீங்கம்மா!” என்று எடுத்த எடுப்பிலேயே ஒரு போடு போட்டார் எதிர்த்தரப்பு வக்கீல் கார்மேலா. நீதிபதி அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

வழக்குப் போட்ட ஒரோன்ஸோவுக்கு வக்கீல் கிடையாது. லெச்சே ஊர்ப் பக்கத்து ஆலிவ் விவசாயிகள் பேசிக்கொள்ளும் இணைய மன்றத்திலிருந்து மூன்று மாதம் முன்பு அவரைத் தூக்கிவிட்டார் அதன் நிர்வாகி கோசிமோ. மரங்கள் நோயில் பட்டுப்போன துக்கத்தைச் சொல்லி அழ அந்த மனிதருக்கு வேறு இடமில்லை, பாவம்.

“அப்படி என்னய்யா எழுதினீங்க?” என்றார் நீதிபதி.

“இந்தக் கோசிமோ தான் கிளை கழிச்ச மரத்தைப் படம் போட்டிருந்தார். ‘இது கவாத்தா, கசாப்பா?’ன்னு கேட்டேன். என்னைத் திரும்பச் சேர்த்துக்கச் சொல்லுங்கம்மா, அது போதும்.”

கார்மேலா மன்றத்தின் பதினாலாம் விதியை உரக்கப் படித்தார். மன்றம் தொடங்கியபோது யாரோ ஒரு உறுப்பினர் எழுதிக்கொடுத்த விதிகள் அவை; கோசிமோ வாங்கி வைத்ததோடு சரி.

“எந்தத் தகராறும், இரு தரப்பையும் வைத்துக்கொண்டு, மன்றத்தில் மட்டுமே தீர்க்கப்படும்.” அவர் படிக்கப் படிக்க ஒரோன்ஸோவின் உதடுகளும் அசைந்தன.

“கிழவர் ஜெபம் பண்ண ஆரம்பிச்சுட்டார்,” என்று சிரித்தார் கோசிமோ.

நீதிபதி கேட்டார். “மன்றம்னா இந்த நீதிமன்றமா, உங்க இணைய மன்றமா?”

“இணைய மன்றம்தாம்மா!” என்றார் கார்மேலா. “என்ன அழகா எழுதியிருக்கு! இதை எழுதின கைக்குத் தங்கக் காப்பு போடணும்.”

“யோசிச்சுச் சொல்லுங்க. அப்படியே எழுதிக்கவா?”

“தாராளமா!”

“உங்களுக்கு ஆட்சேபணை உண்டா, ஒரோன்ஸோ?”

“எனக்கு ஒண்ணுமில்லீங்கம்மா.”

கோசிமோவுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது.

நீதிபதி எழுதி முடித்து நிமிர்ந்தார். “வழக்கு இங்க செல்லாது. உங்க மன்றத்துலயே பேசித் தீர்த்துக்குங்க. ரெண்டு தரப்பும் உள்ள இருந்தாத்தானே பேச முடியும்? இன்னைக்கே அவரைச் சேர்த்துடுங்க.”

கோசிமோ பதறிப்போனார். “ஐயையோ, அதைக் கேட்டுத்தானேம்மா அவர் வழக்கே போட்டார்!”

“நான் என்ன செய்யட்டும்? உங்க வக்கீல் கேட்டதைத்தான் குடுத்திருக்கேன்.”

ஒரோன்ஸோ மெல்ல எழுந்து கார்மேலாவிடம் வந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டு மணிக்கட்டை நீட்டினார்.

“காப்பை இதுல போடுங்கம்மா. அந்த விதியை எழுதின கை இதுதான்.”