அளவுக்கு ஓர் ஆள்

காரமடையைத் தாண்டி, மலையடிவாரக் காட்டில், மாதாமாதம் ஒரே இடத்தில் நின்று ஒரே தேக்கு மரத்தைப் படமெடுப்பதுதான் எங்கள் கல்லூரி புராஜெக்ட். உயரம் தெரிய மரத்தடியில் ஓர் ஆள் நிற்க வேண்டும். ஆடியில் மரம் பூத்தபோதும், மாசியில் மொட்டையானபோதும் ஷ்ரவ்யாதான் நின்றாள். வேலை கிடைத்து அவள் பெங்களூரு போய்விட்டாள். இன்று அருள்குமார் நிற்கிறான், ஆறடி. "ஏன்டா, மரம் குட்டையாயிருச்சேன்னு சார் கேட்டா?" என்று அவனே கவலைப்படுகிறான். "முழங்கால மடக்கு" என்கிறேன். மடக்குகிறான். சருகு நொறுங்குகிறது. பட்டையில் ஒரு பழைய வெட்டுத் தழும்பு. அவள் தலை அதுவரைக்கும்தான் வரும். "இன்னுங் கொஞ்சம். தலைய எடப்பக்கமாச் சாய்." "மரத்துக்கு எதுக்குடா இத்தன போஸு?" ஆராய்ச்சியில் அதற்கெல்லாம் விளக்கம் கிடையாது. எங்கோ ஒரு குக்குறுவான் விடாமல் கூவுகிறது. கைப்பேசி அதிர்கிறது. ஷ்ரவ்யா. அவள் குரலுக்குப் பின்னால் பெங்களூரின் ஹாரன்கள். "டேய், மரம் துளுத்துருச்சா? துளுத்துருந்தா போட்டோ அனுப்பு, போதும். இன்னும் இல்லீன்னா ஞாயித்துக்கெழம நானே வாரேன். மொதத் துளிர நேர்ல பாக்கோணும்." அண்ணாந்து பார்க்கிறேன். போன வாரத்துக் கோடைமழையில் கிளை நுனியெல்லாம் செம்பழுப்பாய்ப் பிஞ்சு இலைகள். வெயில் அவற்றின் நரம்புகளை ஊடுருவி, குனிந்து நிற்கும் அருள்குமாரின் முகத்தில் இளஞ்சிவப்பாய் விழுகிறது. அவன் மரத்தைப் பார்க்கிறான், என்னைப் பார்க்கிறான். "ஒரு எலைகூட இல்ல, ஷ்ரவ்யா" என்கிறேன்.