சுவருக்குள் போன ஒயர்

புதுக் கம்ப்யூட்டரில் புரோகிராம் அழகாகத் திறந்தது. நோயாளியின் பெயரைத் தட்டினால் மட்டும், ‘டேட்டாபேஸ் இணைப்பு கிடைக்கவில்லை’ என்றது.

விண்டோஸை விட்டு லினக்ஸுக்கு மாறலாம் என்று சின்ன டாக்டருக்கு யோசனை சொன்னது நான்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

சாயங்காலம் கிளினிக் திறப்பதற்குள் சரிசெய்தாக வேண்டும். யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. சின்ன டாக்டர் தன் சர்க்கரைக் கணக்கைக்கூட அதில்தான் எழுதிவைப்பார்.

பாஸ்வேர்டை மாற்றிப் பார்த்தேன். டிரைவர் சாஃப்ட்வேரை அழித்துவிட்டு மறுபடி போட்டேன். லினக்ஸைத் திட்டினேன். எதற்கும் மசியவில்லை.

கடைசியில்தான் உறைத்தது. புரோகிராமுக்குத் தெரிந்தது டேட்டாபேஸின் செல்லப்பெயர் மட்டும். அந்தப் பெயருக்கு உரிய முகவரியை விண்டோஸ் தனியாக வைத்திருந்தது. லினக்ஸிடம் அதை யாரும் சொல்லவில்லை, பாவம்.

பழைய கம்ப்யூட்டரில் முகவரியைத் தேடி எடுத்துப் புதியதில் போட்டேன். இப்போது, ‘இந்தக் கம்ப்யூட்டருக்கு அனுமதி இல்லை’ என்று வந்தது.

நல்ல செய்திதான். மறுப்பதற்காவது அங்கே ஆள் இருக்கிறது.

ஆனால் எங்கே? கிளினிக்கில் இருப்பதே இந்த இரண்டு கம்ப்யூட்டர்கள்தான். இரண்டுக்கும் அந்த முகவரி இல்லை.

பழையதன் நெட்வொர்க் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன். மருந்து அலமாரிக்குப் பின்னால் அது சுவருக்குள் நுழைந்தது.

அண்ணன் பெரிய டாக்டரும் தம்பி சின்ன டாக்டரும் சண்டை போட்டுக் கிளினிக்கை இரண்டாகப் பிரித்தபோது எழுப்பிய சுவர் அது. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. அம்மா இறந்தபோதுகூட ஆளுக்கொரு மூலையில் நின்றார்களாம். கொத்தனாருக்கு மட்டும் ஒயரை வெட்ட மனம் வரவில்லை போல. அதைச் சுற்றிப் பூசிவிட்டுப் போயிருந்தார்.

ஆக, தம்பியின் நோயாளிகள் அத்தனை பேரும் இத்தனை வருஷமாக அண்ணன் பக்கம்தான் குடியிருக்கிறார்கள்.

சின்ன டாக்டரிடம் சொன்னால், முதல் வேலையாக ஒயரை வெட்டச் சொல்வார். அத்தோடு எல்லாம் போச்சு. தெருவில் இறங்கிப் பக்கத்துக் கதவைத் தட்டினேன்.

பெரிய டாக்டர் நான் சொன்னதை முழுவதும் கேட்டார். ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. மேசைக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்த பழைய கம்ப்யூட்டர் பெட்டியின் கீபோர்டை இழுத்து, புதுக் கம்ப்யூட்டரின் முகவரியைக் கேட்டு, அவரே தட்டி அனுமதி கொடுத்தார். எந்தத் திரையில் என்ன இருக்கிறது என்று தேடக்கூட இல்லை. கை தானாகப் போனது.

தப்பித்தோம் என்று எழுந்தேன். கதவுவரை போனவனை நிறுத்தினார்.

“அவன் ஏன் சர்க்கரை மாத்திரைய நிறுத்திட்டான்னு கேளுப்பா. நான் கேட்டதா சொல்லிடாத.”