தூதுவளை முளைத்த காலை

உதயகலாவின் இருதய வால்வைத் தாமதிக்காமல் மாற்ற வேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அவளோ தூதுவளை விதையைப் பூச்சாடியில் போட்டுவிட்டு, "இது முளைச்சால் ஒப்பரேசனுக்கு வாறன்," என்று கணவனிடம் சொன்னாள்.

குகதாசன் ஒவ்வொரு நாளும் விடிந்ததும் விடியாததுமாகச் சாடியைத்தான் போய்ப் பார்த்தான். மண் அப்படியே கிடந்தது.

"கம்பு வெட்டி நட்டால் கெதியா வருமப்பா," என்றான்.

"இல்லை, விதைதான் முளைக்கோணும்."

முற்றத்துக்குப் போய்வரவே அவளுக்கு மூச்சு வாங்கியது. பயத்தில் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் திருநெல்வேலிச் சந்தையில் ஒரு சின்னத் தூதுவளைக் கன்றை வாங்கிவந்து, அடுத்த நாள் விடியற்காலையில் அவளுக்குத் தெரியாமல் சாடியில் நட்டுவைத்தான்.

உதயகலா அதை நெடுநேரம் பார்த்தாள். "முளைச்சிட்டுது. வெளிக்கிடுங்கோ," என்றாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் ஓட்டோவில் அவள் முகத்தைப் பார்க்கவே அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

"தூதுவளைக் கண்டை எங்கை வாங்கினனீங்கள்?" என்று கேட்டாள்.

"உமக்கு எப்பிடித் தெரியும்?"

"நான் போட்டது வறுத்த விதை. ஒப்பரேசனுக்குப் பயந்து, முளைக்கக்கூடாது எண்டுதான் வறுத்தனான்."

"அப்ப ஏன் வாறீர்?"

"நீங்கள் கண்டு நடேக்கை யன்னலாலை பாத்துக்கொண்டு நிண்டனான். உங்கடை கை அப்பிடி நடுங்கிச்சுது. என்னைவிடப் பயந்த ஆளை இன்னும் பயப்படுத்த மனம் வரேல்லை."

ஆஸ்பத்திரி வாசலில் ஓட்டோ நின்றதும் அவள்தான் முதலில் இறங்கினாள்.