தானாகப் பற்றிய தூள்

கிடங்குத் தீயில் அருளப்பனின் தம்பி செத்துப்போனான். அவன் பிடித்த பீடிதான் காரணம் என்றார் முதலாளி தணிகாசலம். வழக்குக்காக, ஆய்வுக்கூடத்தில் கிடங்கில் குவித்திருந்த அதே கரித்தூளைக் கம்பிவலைக் கூட்டில் நிரப்பி ஓவனுக்குள் வைத்தாள் தடயவியல் நிபுணர் இசபெல்லா. அருளப்பனும் தணிகாசலமும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தூளின் நடுச்சூடு ஓவனின் சூட்டையும் தாண்டி ஏறியது.

“யாரும் நெருப்பு வைக்கல. தானாத்தான் பத்துது,” என்றாள்.

“நிறுத்துடி அதை!”

தணிகாசலம் அவளைச் சுவரில் மோதும்படி தள்ளிவிட்டு, ஓவனைத் திறந்து கூட்டை வெளியே இழுத்தார். காற்றுப் பட்டதும் தணல் சீறி அவர் சட்டையில் கொட்டியது. அலறியபடி தரையில் உருண்டார்.

“அண்ணே, சுவத்துல தொங்குற தீயணைப்புப் போர்வைய எடுத்து அவர் மேல போடுங்க!” நெற்றியில் ரத்தம் வழியக் கத்தினாள் இசபெல்லா.

அருளப்பன் போர்வையை எடுத்தான். இரண்டு கைகளாலும் அதை மார்போடு இறுக்கிக்கொண்டு நின்றான்.