சைரன் காட்டிய வீடு

யாருக்காவது நுரையீரலில் அழற்சியைக் கிளப்பும் புரதம் ஏறினால், எந்த வீட்டுப் புகையால் ஏறியது என்று குடியிருப்பின் சைரனே ஊருக்குச் சொல்லிவிடும் காலம் அது. கோமளாவின் கணவர் சபேசனுக்கு மூச்சு இழுத்ததும், "கீழ்வீட்டு எஸ்தர், கருவாட்டுப் புகை" என்று சைரன் அலறியது.

கோமளா பூரிக்கட்டையோடு இறங்கிப் பாய்ந்தாள். முதல் அடியில் எஸ்தரின் பல் தெறித்தது, அடுத்ததில் மூக்கு உடைந்தது. சாவு வீட்டுக்குக்கூட எட்டிப் பார்க்காத சனம், வேடிக்கைக்கு மாடிமாடியாக இறங்கி வந்துவிட்டது.

"என் புருஷனையாடி கொல்லப் பாக்குற?" கோமளா எஸ்தரின் தலையைச் சுவரில் மோதினாள்.

எஸ்தர் ரத்தத்தைத் துப்பினாள். "அக்கா... மேல மூச்சு இழுக்குற அண்ணன்கூட யாருக்கா இருக்காங்க?"

கோமளா கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். அத்தனை பேரும் இங்கேதான் நின்றார்கள்.