படித்த பிறகு கையெழுத்து

டாரியோவின் கையிலிருந்த பேனாவை ரோமினா வெடுக்கென்று பிடுங்கினாள்.

"படிச்சியா?"

"மேலோட்டமா பார்த்தேன் ரோமி. எல்லா அக்ரிமென்ட்லயும் இருக்கிறதுதான்."

"ஒரு போன் வாங்கப் போய் மூணு கனெக்‌ஷனுக்குக் கையெழுத்துப் போட்டுட்டு வந்தியே, அன்னிக்கும் இதையேதான் சொன்னே. தள்ளு."

அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரில் ஒரு மூன்றாவது மாடி வீடு அது. காலிக் கூடத்தில் ஒரு மேஜையும் சில நாற்காலிகளும்தான் இருந்தன. எதிரே உட்கார்ந்திருந்த வீட்டுக்காரம்மா தோன்யா பெர்த்தா, மாத்தே என்ற மூலிகைத் தேநீர்க் குவளையில் வெந்நீர் ஊற்றியபடி ரோமினாவை ஏற இறங்கப் பார்த்தார். சட்டென்று கையெழுத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று வந்திருந்தார் அவர்.

ரோமினா கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள்.

"இதென்னங்க, வீட்டுச் சொந்தக்காரர் எப்ப வேணா உள்ள வந்து பார்க்கலாம்னு போட்டிருக்கு?"

"என் வீடு. நான் வந்து பார்க்கக் கூடாதா?"

"தாராளமா வாங்க. முதல் நாளே சொல்லிட்டு வாங்க. இவர் குளிச்சிட்டுத் துண்டோட நிக்கிறப்ப கதவைத் தொறந்தா உங்களுக்கும்தானே சங்கடம்?"

தோன்யா பெர்த்தா டாரியோவின் தொப்பையை ஒரு தடவை பார்த்தார். மறுபேச்சில்லாமல் 'முன்கூட்டியே தெரிவித்துவிட்டு' என்று ஓரத்தில் சேர்த்து எழுதினார்.

அடுத்து கீசர். எந்த ரிப்பேரானாலும் குடியிருப்பவர் பொறுப்பு என்றிருந்தது. ரோமினா எழுந்து சமையலறைக்குப் போனாள். குழாய் திறக்கும் சத்தமும், கீசர் யாரோ இருமுவதுபோல் குலுங்கும் சத்தமும் கேட்டன. திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"அடியில துருப்பிடிச்சு ஒழுகுதுங்க. இவர் பொறக்கிறதுக்கு முன்னாடி வாங்கினது போல இருக்கு. அதுவா கெட்டா நீங்க பாருங்க, இவர் கெடுத்தா இவர் பார்க்கட்டும்."

டாரியோ மேஜைக்கடியில் அவள் காலைத் தட்டினான். "விடு ரோமி. அந்தம்மா கோவிச்சுக்கிட்டு எழுந்து போயிட்டா இதுவும் போச்சு. எத்தனை வீடு ஏறி இறங்கியாச்சு!" என்று கிசுகிசுத்தான்.

"அதுக்காக? கண்ணை மூடிக்கிட்டுக் கிணத்துல குதிப்பியா?" அவள் சத்தமாகவே கேட்டாள்.

லிஃப்ட் மாற்றினாலோ மொட்டைமாடி ஒழுகலை அடைத்தாலோ ஆகும் செலவு வீட்டுக்காரம்மாவின் தலையில் விழுந்தது. காலி செய்யும்போது புதிதாகப் பெயின்ட் அடித்துத் தரவேண்டும் என்ற ஷரத்தில் விரலை வைத்தவள், அதே விரலால் ஜன்னலோரச் சுவரைச் சுரண்டிக் காட்டினாள். செதில் செதிலாக உதிர்ந்தது.

"வாங்கினப்ப எப்படி இருந்துச்சோ அப்படித் திருப்பிக் கொடுப்பார்னு மாத்துங்க."

தோன்யா பெர்த்தா பெருமூச்சு விட்டுக்கொண்டு மாற்றினார்.

இரவில் விருந்தாளிகள் தங்கக் கூடாது என்ற வரிக்கு வந்தபோது மட்டும் ரோமினாவின் குரல் இறங்கியது. "இதை அடிச்சிடுங்க. சனி, ஞாயிறு பசங்க வந்து தங்குவாங்க."

"பசங்களா? மத்த நாள்ல எங்க இருக்காங்க?"

"ஸ்கூலுக்குப் பக்கத்துல."

டாரியோ ஜன்னலுக்கு வெளியே பார்த்தான்.

"ஓ, ஹாஸ்டலா? பாவம்" என்று தோன்யா பெர்த்தா தானே சொல்லிக்கொண்டார். "வரட்டும் வரட்டும். குழந்தைங்க சத்தம் கேட்டாத்தான் வீடு வீடா இருக்கும்." அந்த வரியை இரண்டு கோடாகவே போட்டு அடித்தார். கூடவே மாத்தேக் குவளையை ரோமினா பக்கம் நீட்டினார். அதுவரை நீட்டவில்லை.

"தம்பி, உங்களுக்கு யோகம்தான்" என்றார் டாரியோவிடம். "எங்க வீட்ல நானும் சரி, என் புருஷனும் சரி, படிக்காம கையெழுத்துப் போடற ஆளுங்க. ஆத்தோரத்துல இருந்த நிலம் அப்படித்தான் போச்சு. இப்படி ஒருத்தி பக்கத்துல இருந்திருந்தா இந்தக் கட்டடமே எங்களோடதா இருந்திருக்கும்."

"தெரியுங்க" என்றான் டாரியோ.

ரோமினா தாளை அவன் பக்கம் தள்ளினாள். "இப்ப நீயே ஒரு தடவை படி. நான் படிச்சா உனக்குப் புரிஞ்சதா ஆகாது."

அவன் உதடு அசைய, வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தான். நடுவில் ஒரு இடத்தில் நின்று, "அட்வான்ஸை எப்ப திருப்பித் தருவீங்கன்னு இதுல இல்லையே?" என்று கேட்டான். ரோமினாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோன்யா பெர்த்தா, "தொத்திக்கிச்சா உங்களுக்கும்!" என்று தலையில் அடித்துக்கொண்டு அதையும் எழுதினார்.

டாரியோ கையெழுத்துப் போட்டான்.

"சரி, ஜாமீன்தாரர் எங்க? நாளைக்கு வாடகை வரலைன்னா நான் யார் கழுத்தைப் பிடிக்கிறது? சொந்த வீடு இருக்கிற ஆளா இருக்கணும்."

டாரியோவின் முகம் சுண்டிப்போனது. "வேண்டாம் ரோமி, உனக்கெதுக்கு..." என்று ஆரம்பித்தான்.

"நீ சும்மா இரு" என்ற ரோமினா, கைப்பையிலிருந்து ஒரு பத்திர நகலை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "நான்தாங்க ஜாமீன். இது என் பேர்ல இருக்கிற வீடு."

தோன்யா பெர்த்தா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "நல்லா இருக்கே! கூடவே குடியிருக்கப் போற பொண்டாட்டி எப்படிம்மா ஜாமீன் நிக்கிறது? வெளியாள் யாராவது வேணும்."

ரோமினா கண்ணாடியைக் கழற்றி மடித்தாள்.

"வெளியாள்தாங்க நான். மார்ச்சுலயே விவாகரத்து ஆயிடுச்சு."