டப்பாவுக்கு வலு இல்லை

"என்னவே இது, கண்ணாடி போடாத கிழவன் பாக்குத மாதிரி இருக்கு?"

தறி ஓட்டும் இசக்கித்துரை கையில் டீ கிளாசோடு புது மானிட்டரை எட்டிப் பார்த்தான். வெள்ளத்துரை மேசைக்கு அடியில் குனிந்து ஏதோ செய்வதுபோல் இருந்தான்.

திரைக்கு முன்னால் ப்ரியதர்ஷினி உட்கார்ந்திருந்தாள். "ரெண்டு கட்டம் ஒண்ணாத் தெரியுது. இதுல எப்படிக் கரை போடுதது?"

சேலைக் கரையைக் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகத்தான் வரைய வேண்டும். ஒரு கட்டம், ஒரு நூல். ஒன்று தப்பினால் சேலை முழுக்க அந்தத் தப்பு ஓடும். அதற்காகத்தான் முதலாளி ஆறுமுகச்சாமி சின்னக் கட்டத்தையும் துல்லியமாகக் காட்டும் இந்த ஃபோர்-கே மானிட்டரை வாங்கினார். கூடவே டிபன் டப்பா அளவில் ஒரு கம்ப்யூட்டர். இரண்டும் அவளுக்கு.

வெள்ளத்துரைக்கு இல்லை.

இந்தத் தறிக் கொட்டகையில் இதுவரை நெய்த கரைகள் எல்லாம் அவன் வரைந்தவை. அதுவும் ஓரத்தில் கோடு விழுந்த பழைய மானிட்டரில். அவள் போன தீபாவளிக்குப் பிறகு வேலைக்கு வந்தவள். மவுஸ் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே அவன்தான். இப்போது அவள் தாளில் வரைந்து காட்டிய தாழம்பூக் கரையைப் பார்த்து, "ஆடித்தபசுத் திருவிழாவுக்கு இதான் நம்ம சேலை" என்று முதலாளி சொல்லிவிட்டார். அவன் வரைந்ததைப் பார்த்து, "இதுவும் கிடக்கட்டும்" என்றார். அந்தக் 'கிடக்கட்டும்' இன்னும் அவன் தொண்டையை விட்டு இறங்கவில்லை.

காலையில் பெட்டியைப் பிரித்தபோது, மானிட்டரோடு வந்த புதுக் கேபிளை எடுத்துத் தன் மேசை டிராயருக்குள் போட்டுவிட்டான். மூலையில் கிடந்த பழைய டிவி கேபிளை மாட்டினான். படம் வந்தது. தெளிவு வரவில்லை. பழைய கேபிளில் அது வராது என்று அவனுக்குத் தெரியும்.

"செட்டிங்க்ஸ்ல தெளிவக் கூட்டி வைக்க முடியாதா?" என்றாள் அவள்.

கூட்டிக் காட்டினான். திரை கறுத்து, மறுபடி மங்கலாகவே வந்து நின்றது.

"பாத்தியா? டப்பாவுக்கு வலு இல்ல. இத்துனூண்டு இருந்துக்கிட்டு இம்மாம் பெரிய மானிட்டர இழுக்குமா? மொபெட்டுல லாரியக் கட்டி இழுத்த கதைதான்."

இசக்கித்துரை சிரித்தான். "பழைய ஆளு வயிறெரிஞ்சா புதுச் சாமான் எப்படிவே ஓடும்?"

"யாருக்குவே வயிறெரியுது? போய்த் தறியப் பாரும்."

"எனக்குத்தான்வே. தறிக்கிட்ட ஒரு ஃபேன் மாட்டச் சொல்லி ரெண்டு கோடை போயிட்டு. இங்கன என்னடான்னா சினிமாக் கொட்டகையே வந்து இறங்குது."

அவன் போன பிறகு ப்ரியதர்ஷினி மெதுவாகக் கேட்டாள்.

"பெட்டிக்குள்ள வேற கேபிள் எதுவும் இருந்துச்சா?"

"இல்ல."

"தெர்மாகோலுக்கு அடியில நல்லாப் பாத்தீங்களா?"

"பாத்தேன்னு சொல்லுதேன்லா."

"இன்னொரு தடவ பாருங்களேன்."

"நான் பொய் சொல்லுதேங்கியா?"

"நான் அப்படிச் சொல்லலையே." அவள் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்தப் பணிவு அவனை இன்னும் எரித்தது. திமிராகப் பேசியிருந்தால் வெறுக்கச் சுலபமாக இருந்திருக்கும்.

சாயங்காலம் முதலாளி வந்தார். "ஏலே வெள்ளத்துரை, என்ன ஆச்சு? டிசைன் முடிஞ்சாத்தான தறியில ஏத்த முடியும்?"

"சரிப்பட்டு வராது அண்ணாச்சி. டப்பாவுக்கு வலு இல்ல."

முதலாளி அவளைப் பார்த்தார். "நீ என்னம்மா சொல்லுத?"

அவள் வெள்ளத்துரையை ஒரு முறை பார்த்தாள். அவன் தன் டிராயரை மறைத்தாற்போல் நகர்ந்து நின்றான்.

"அவரு சொன்னாச் சரியாத்தான் இருக்கும் அண்ணாச்சி."

முதலாளி உச்சுக்கொட்டினார். "பழைய மானிட்டருல தாழம்பூ நுணுக்கம் வராது. அப்போ இந்த ரெண்டையும் நாளைக்கே திருப்பி அனுப்பிருவோம். ஏலே, நீ போட்ட கரையே தறியில ஏறட்டும்."

வெள்ளத்துரை தலையைக் குனிந்தே வைத்திருந்தான். நிமிர்ந்தால் சிரிப்பு தெரிந்துவிடும். ஜெயித்துவிட்டான். ஆடித்தபசுக்குக் கடைத்தெரு முழுக்க அவன் கரைதான் தொங்கும்.

ப்ரியதர்ஷினி கம்ப்யூட்டரை அணைத்தாள். மானிட்டரைத் துணி போட்டு மூடினாள். சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு படி இறங்கினாள். அழுவாள் என்று அவன் எதிர்பார்த்திருந்தான். அழவில்லை. அது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

அவனும் இறங்கித் தெருவுக்கு வந்து பைக்கை உதைத்துக் கிளப்பினான். அவள் வந்து பின்னால் ஏறி உட்கார்ந்து, வழக்கம்போல அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"கேபிள நீங்க டிராயருக்குள்ள போடும்போது நான் வாசல்லதான் நின்னேன்," என்றாள். "காலையில முதல் வேலையா நீங்களே எடுத்து மாட்டிருங்க. தாலி கட்டுன மனுசன அண்ணாச்சி முன்னால களவாணின்னு சொல்ல இன்னைக்கு எனக்கு வாய் வரல. நாளைக்கு வரும்."